நற்செய்தி மேற்கோளின் வேரைத் தேடிப் பிடிப்பது எப்படி

மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வரும் எழுதும்போது "வேதம்" என்று சொன்னது எபிரெய வேதத்தைத்தான். புதிய ஏற்பாடு என்ற பெயரே அப்போது கிடையாது. அவர்களின் முதல் வாசகர்களில் பலருக்குச் சங்கீதங்களும் ஏசாயாவும் காதில் ஊறிப்போனவை. அதனால் ஒரு வரியை எடுத்துக் காட்டினால் போதும், மிச்சத்தைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். நாம் ஒரு கீர்த்தனையை முதல் அடியைச் சொல்லியே குறிப்பிடுவதில்லையா, அதே பழக்கம். மாற்கு 12:26 மோசேயின் ஆகமத்தில் ஓர் இடத்தைச் சுட்டும்போது முட்செடியைத்தான் அடையாளமாகச் சொல்கிறது. அதிகாரம், வசனம் என்று எண் கொடுக்க வழியில்லை. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, புதிய ஏற்பாட்டு வசன எண்கள் 1551இல் வந்தன.

மேற்கோளாக வந்த அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு விளக்கம் சொல்வது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. வரி எங்கிருந்து வந்ததோ அந்த அதிகாரம் முழுவதையும் படித்து, இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியிருக்கிறது என்று குறித்துக்கொண்ட பிறகுதான் "ஏன்" என்ற கேள்விக்கே போக வேண்டும். அதைப் படிப்படியாகச் செய்யும் முறை இது.

தேவையானவை

தமிழ் வேதாகமம் இரண்டு வேண்டும். ஒன்று, சபைகளில் புழங்கும் பழைய திருப்புதல். மற்றொன்று, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பழைய திருப்புதலின் புதிய ஏற்பாடு பிற்காலக் கிரேக்கப் பிரதிகளைத் தழுவியது. பொது மொழிபெயர்ப்பு அவற்றைவிடப் பழைய பிரதிகளைப் பின்பற்றுகிறது. இரண்டும் வேறுபடும் இடமே பல நேரம் உங்களுக்கு முதல் துப்பு.

பழைய திருப்புதலில் ஒத்துவாக்கியங்கள் (ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களின் குறிப்பு) அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். கைபேசியில் ஸ்ட்ராங் எண்களோடு, அதாவது ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் தரப்பட்ட எண்களோடு, கூடிய வேதாகமச் செயலி ஒன்று வேண்டும். எபிரெயம், கிரேக்கம் தெரியாதவர்களும் ஒரு சொல் இரண்டு இடங்களில் ஒன்றேதானா என்று அந்த எண்ணை வைத்துப் பார்த்துவிடலாம். செப்துவஜிந்த் எனப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் ஆங்கில வடிவமும் கையில் இருக்கட்டும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய மொழிபெயர்ப்பு அது. நற்செய்தியாளர்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் எடுத்தாண்டார்கள். இவற்றோடு கோடு போட்ட நோட்டு ஒன்று. பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: நற்செய்தி, பழைய ஏற்பாடு, வேறுபாடு.

ஒரு மேற்கோளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இருபது நிமிடத்தில் முடித்தால் அதிகாரத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

முகவரி கண்டுபிடிப்பது

நேரடி மேற்கோளுக்குக் கொடி பிடித்தாற்போல் ஒரு சொற்றொடர் முன்னால் வரும். "எழுதியிருக்கிறதே", "வேதவாக்கியம் நிறைவேறும்படி", "தீர்க்கதரிசியின் மூலமாய் உரைக்கப்பட்டது நிறைவேறும்படி" என்பன. கடைசியாகச் சொன்னது மத்தேயுவின் முத்திரை. 1:22, 2:15, 2:17, 2:23, 4:14, 8:17, 12:17, 13:35, 21:4, 27:9 ஆகிய பத்து இடங்களில் அதைப் பார்க்கலாம்.

ஒத்துவாக்கியம் முகவரியைத் தந்துவிடும். ஆனால் எண்கள் காலை வாரும். கிரேக்க வேதத்தில் 9, 10ஆம் சங்கீதங்கள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால், அதற்குப் பின் பெரும்பகுதியில் எண் ஒன்று குறையும். நம் 22ஆம் சங்கீதம் அங்கே 21. எபிரெயப் பதிப்பில் சங்கீதத் தலைப்பே பெரும்பாலும் முதல் வசனமாகக் கணக்கிடப்படுவதால், நமக்கு 22:18 ஆக இருப்பது அங்கே 22:19. எலியாவை அனுப்புவேன் என்கிற மல்கியா 4:5 எபிரெயத்தில் 3:23. எரேமியாவின் 31ஆம் அதிகாரம் கிரேக்கத்தில் 38. தேடிய வசனம் அங்கே இல்லையே என்று திகைக்கும்போது, முதலில் சந்தேகப்பட வேண்டியது எண்ணைத்தான்.

புத்தகப் பெயர்களும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். யாத்திராகமம் பொது மொழிபெயர்ப்பில் விடுதலைப் பயணம், உபாகமம் இணைச் சட்டம், சங்கீதம் திருப்பாடல்கள். நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் தொல்லை விட்டது.

ஒரு மேற்கோள், முழுமையாக

லூக்கா 4:16-21ஐ எடுத்துக்கொள்வோம். நாசரேத்து ஜெப ஆலயம், ஓய்வுநாள். ஏசாயாவின் சுருள் இயேசுவின் கையில் கொடுக்கப்படுகிறது, அவர் விரித்து, குறிப்பிட்ட இடத்தைக் கண்டு வாசிக்கிறார். "கண்டு" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். சாக்கடல் கரையிலுள்ள கும்ரானில் 1947இல் கிடைத்த பெரிய ஏசாயா சுருள் 17 தோல்களைத் தைத்துச் சேர்த்தது, 54 பத்திகள், நீளம் 7.3 மீட்டருக்கும் சற்று அதிகம். 66 அதிகாரங்களில் 61ஆவது அதன் கடைசிப் பகுதியில் வரும். இந்த அளவுள்ள சுருளில் அந்த இடத்துக்கு வர ஒரு கையால் சுருட்டி மறுகையால் அவிழ்த்து ஆறு மீட்டருக்கு மேல் தள்ள வேண்டும். யதேச்சையாகத் திறந்த இடமாக அது இருக்க முடியாது.

இப்போது நோட்டில் எழுதுங்கள். பழைய திருப்புதலில் ஏசாயா 61:1 இப்படிப் போகிறது: சிறுமைப்பட்டவர்களுக்குச் சுவிசேஷம், இருதயம் நொறுங்குண்டவர்களுக்குக் காயங்கட்டுதல், சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை, கட்டுண்டவர்களுக்குக் கட்டவிழ்த்தல். இரண்டாம் வசனத்தில் கர்த்தருடைய அநுக்கிரக வருஷமும் அதை ஒட்டி "நீதியைச் சரிக்கட்டும் நாளும்" வருகின்றன. லூக்கா 4:18-19ஐ எதிரே எழுதிப் பார்த்தால் நான்கு வேறுபாடுகள் தெரியும்.

முதலாவது, "இருதயம் நருங்குண்டவர்களைக் குணமாக்கவும்" என்ற சொற்கள் பழைய திருப்புதலின் லூக்காவில் இருக்கின்றன, பொது மொழிபெயர்ப்பில் இல்லை. பழமையான கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் அது கிடையாது. ஏசாயாவை மனப்பாடமாக அறிந்த நகலாளர் ஒருவர், விட்டுப்போயிற்று என்று நினைத்து நிரப்பியிருக்க வேண்டும். இது பிரதி சார்ந்த வேறுபாடு. இதை வைத்துப் பிரசங்கக் குறிப்பு எழுத உட்காராதீர்கள்.

இரண்டாவது, கட்டுண்டவர்களுக்குக் கட்டவிழ்த்தல் என்பது லூக்காவில் "குருடருக்குப் பார்வை" ஆகிவிட்டது. லூக்கா மாற்றவில்லை, கிரேக்க மொழிபெயர்ப்பே அப்படித்தான் இருக்கிறது. அங்குள்ள எபிரெயச் சொல்லின் வேரான "பாகாக்" வழக்கமாகக் கண் திறப்பதைக் குறிக்கும். ஏசாயா 35:5இலும் 42:7இலும் குருடரின் கண்களைத் திறப்பதற்கு அதே வேர்தான். மொழிபெயர்த்தவர் அந்த வழியே போயிருக்கிறார்.

மூன்றாவதுதான் ருசியான இடம். "நொறுங்குண்டவர்களை விடுதலையாக்கவும்" என்ற வரி ஏசாயா 61இல் எங்கும் இல்லை. அது 58:6. "நெருக்கப்பட்டிருக்கிறவர்களை விடுதலையாக்கிவிடுகிறதும்" என்று உபவாசத்தைப் பற்றிய அதிகாரத்தில் வருகிறது. சுருளில் பின்னால் போக வேண்டிய வரி இங்கே எப்படி வந்து ஒட்டியது? செயலியில் லூக்கா 4:18இன் "விடுதலை"யைத் தட்டிப் பாருங்கள். சிறைப்பட்டவர்களுக்கும் நொறுங்குண்டவர்களுக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல், "அபெசிஸ்". கிரேக்க ஏசாயாவின் 58:6, 61:1 இரண்டிலும் அதே சொல். ஒரே சொல் வரும் இரண்டு வசனங்களை ஒன்றோடொன்று கோத்து வாசிப்பது யூத ரபிகளின் முறை; அதற்குக் "கெசெரா ஷாவா" என்று பெயர். எபிரெயத்தில் இந்த இரண்டு இடங்களிலும் சொல் வேறு வேறு. ஆகவே இந்த முடிச்சு கிரேக்க வேதத்தில்தான் விழும். இதுபோல ஒன்றைக் கண்டதும் மூன்றாம் பத்தியில் "கிரேக்கம் மட்டும்" என்று எழுதி வையுங்கள்.

எபிரெய 61:1இல் விடுதலைக்குரிய சொல் "தெரோர்". அதையும் தட்டுங்கள், லேவியராகமம் 25:10க்குப் போவீர்கள். "தேசமெங்கும் அதின் குடிகளுக்கெல்லாம் விடுதலை கூறக்கடவீர்கள், அது உங்களுக்கு யூபிலி வருஷம்." ஐம்பதாம் ஆண்டு, விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பும், கடனுக்கு அடிமைப்பட்டவர் வீடு திரும்புவார். "அநுக்கிரக வருஷம்" வெறும் அலங்காரச் சொல் அல்ல என்பது இங்கே பிடிபடும். இந்த இணைப்பு நம் கற்பனையும் அல்ல. கும்ரானின் 11ஆம் குகையில் கிடைத்த மெல்கிசேதேக்கு சுருள் லேவியராகமம் 25ஐயும் ஏசாயா 61ஐயும் சேர்த்தேதான் வாசிக்கிறது.

நான்காவது, வாசிப்பு நின்ற இடம். "அநுக்கிரக வருஷம்" என்றதும் சுருள் மூடப்படுகிறது, சரிக்கட்டும் நாள் வாசிக்கப்படவில்லை. பழிவாங்குதல் என்ற கருத்தையே இயேசு தள்ளிவிட்டார் என்று இதற்கு உடனே விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அவசரம் வேண்டாம். லூக்கா 21:22ஐத் திறந்தால் எருசலேமின் அழிவைப் பற்றி, "நீதியைச் சரிக்கட்டும் நாட்கள் அவைகளே" என்று பழைய திருப்புதலில் சொல்லுக்குச் சொல் அதே வார்த்தை இருக்கிறது. லூக்கா அந்தக் கருத்தை விட்டுவிடவில்லை, நாசரேத்தில் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஏன் என்பதற்கு அடுத்த வசனங்களே பதில். 4:25-27இல் சாறிபாத்து விதவையும் சீரியனாகிய நாகமானும் வருகிறார்கள், இருவரும் அந்நியர். அந்நியருக்குத் தண்டனை வரும் நாளை எதிர்பார்த்திருந்தவர்கள் காதில், அந்நியர் பெற்ற தயவு விழுகிறது. ஊரார் இயேசுவை மலையுச்சிவரை தள்ளிக்கொண்டு போனதற்கு அதுவே காரணம். மேற்கோளின் விளக்கம் மேற்கோளுக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்றில்லை. பத்து வசனம் கீழே கிடக்கலாம்.

நிறைவேறுதல் என்றால் முன்னறிவிப்பு பலிப்பது மட்டும்தானா

மத்தேயு 2:15 இந்தக் கேள்வியைத் தீர்த்துவைக்கும். "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்பது ஓசியா 11:1. அங்கே போய்ப் பார்த்தால் அது வருங்காலத்தைப் பற்றிய வாக்கே அல்ல, பழைய கதை. "இஸ்ரவேல் இளைஞனாயிருந்தபோது நான் அவனை நேசித்தேன்" என்று தொடங்குகிறது. குமாரன் இஸ்ரவேல் மக்கள். அடுத்த வசனத்திலேயே அந்தக் குமாரன் பாகால்களுக்குப் பலியிடப் போய்விடுகிறான்.

கிரேக்க ஓசியாவில் "அவனுடைய பிள்ளைகளை" என்று பன்மை. மத்தேயுவில் ஒருமை, எபிரெயத்தின்படி. வழக்கமாகக் கிரேக்கம் கைகொடுக்கும் இடத்தில் எபிரெயத்தைத் தேர்ந்திருக்கிறார் என்றால், அந்த ஒருமை அவருக்குத் தேவைப்பட்டது. யாத்திராகமம் 4:22இல் "இஸ்ரவேல் என்னுடைய குமாரன், என் சேஷ்டபுத்திரன்" என்று பார்வோனுக்குச் செய்தி போகிறது. மத்தேயுவின் வரிசையைப் பாருங்கள்: எகிப்து, பிறகு யோர்தான் தண்ணீர், பிறகு வனாந்தரத்தில் 40 நாள், பிறகு ஒரு மலை. இஸ்ரவேல் நடந்த பாதையை இன்னொரு குமாரன் மறுபடி நடக்கிறார். மத்தேயுவின் "நிறைவேறும்படி" என்ற சொல் இந்த இடத்தில் பழைய வடிவம் நிரம்பி வழிவதைக் குறிக்கிறது. குறி சொல்லிப் பலித்த கணக்கில் இது சேராது. இத்தனை நூறு தீர்க்கதரிசனங்கள் நிறைவேறின என்று எண்ணிக்கை போடும் பட்டியல்கள் இந்த இடத்தில்தான் முறிகின்றன.

வனாந்தரச் சோதனையும் அப்படியே. இயேசு சொல்லும் மூன்று பதில்களும் உபாகமம் 8:3, 6:16, 6:13. மூன்றும் இஸ்ரவேலின் 40 ஆண்டுகளைப் பற்றிய பகுதியிலிருந்து. சோதனைக்காரன் 91ஆம் சங்கீதத்தை எடுத்தாளும்போது மத்தேயுவில் "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்ற துண்டு விடுபட்டிருக்கிறது. லூக்காவில் "காக்கும்படி" இருக்கிறது, "வழிகளிலெல்லாம்" இல்லை.

கொடி பிடிக்காமல் வருபவை

"எழுதியிருக்கிறதே" என்று சொல்லாமல் வரும் சாயல்கள் நேரடி மேற்கோளைவிட அதிகம், சறுக்கலும் அங்கேதான் அதிகம். ஒரு சாயலை ஏற்க மூன்று சோதனை வையுங்கள். அரிய சொல்லோ சொற்கூட்டமோ பொதுவாக இருக்கிறதா? வரிசையும் ஒத்துப்போகிறதா? அருகில் அதே பழைய நூல் வேறெங்காவது தலைகாட்டுகிறதா? குறைந்தது இரண்டு சோதனை தேறினால் குறித்துக்கொள்ளலாம். தண்ணீர் வந்தாலே செங்கடல், மரம் வந்தாலே ஏதேன் என்று போனால் எதையும் எதோடும் கட்டிவிடலாம்.

மாற்கு 12:1 தேறும் உதாரணம். வேலி, இரசத்தொட்டி, கோபுரம்: ஏசாயா 5:1-2இன் திராட்சத்தோட்டத்துக் கட்டுமானம் அப்படியே இருக்கிறது. புதிதாக வந்தது ஒன்றுதான், குத்தகை. ஏசாயாவில் பழம் கசந்தது, அதனால் தோட்டமே பாழாக விடப்படுகிறது. மாற்கில் தோட்டத்தின்மேல் குறை ஏதும் இல்லை, குத்தகைக்காரர்கள்தான் குற்றவாளிகள். தோட்டம் நிற்கிறது, கை மாறுகிறது. ஏசாயா 5:7 தோட்டம் இஸ்ரவேல் வம்சம் என்று சொல்லிவிட்டதால், குத்தகைக்காரர் வேறு யாரோ. 11:27இல் வந்து நிற்கும் பிரதான ஆசாரியரும் வேதபாரகரும் மூப்பரும்தான் அவர்கள் என்பது 12:12இல் அவர்களுக்கே புரிந்துபோகிறது. ஏசாயாவைப் படிக்காமல் இந்த உவமையைப் படித்தவர்கள் யூத மக்கள் எல்லாரும் தள்ளப்பட்டதாகப் போதித்தார்கள். அந்தப் போதனை நூற்றாண்டுக் கணக்கில் செய்த கேடு கொஞ்சநஞ்சமல்ல.

உவமை 118ஆம் சங்கீதத்தின் கல்லோடு முடிகிறது. அதே சங்கீதம் ஒரு அதிகாரம் முன்னால், ஓசன்னா முழக்கத்தில் ஒலித்தது. 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்கள் பஸ்காவில் பாடப்படுபவை. மாற்கு 14:26இல் பாடிவிட்டுப் புறப்பட்ட பாட்டும் அவற்றில் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

தமிழ்ச் சொல்லை மட்டும் நம்புவது முதல் சறுக்கல். பழைய திருப்புதலில் ஏசாயா 7:14, மத்தேயு 1:23 இரண்டிலும் "கன்னிகை". வேறுபாடே தெரியாது. எபிரெயத்தில் "அல்மா" (ஸ்ட்ராங் 5959), மணவயது வந்த இளம்பெண். கன்னி என்று குறிப்பாகச் சொல்ல வழக்கமான சொல் "பெதுலா" (1330). கிரேக்கத்தில் "பார்தெனோஸ்" (3933), கன்னி. பொது மொழிபெயர்ப்பின் ஏசாயா "இளம்பெண்" என்று போட்டிருப்பதன் காரணம் இது. சூழலையும் படியுங்கள்: சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் சேர்ந்து மிரட்ட, ஆகாஸ் ராஜா நடுங்குகிறான். 7:16இன்படி அந்தப் பிள்ளைக்கு நன்மை தீமை தெரியுமுன் அந்த இரு ராஜாக்களின் நாடும் பாழாகும். தமஸ்கு விழுந்தது கி.மு. 732இல். அந்த அடையாளம் முதலில் ஆகாசின் காலத்துக்குப் பேசியது. மத்தேயு அதைத் தம் காலத்தில் மறுபடி கேட்கிறார். ஒன்றைச் சொன்னால் மற்றதை மறுத்ததாக ஆகாது.

இரண்டாவது, ஒரே மேற்கோள் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கும் என்று எண்ணுவது. மாற்கு 1:2-3இல் யாத்திராகமம் 23:20, மல்கியா 3:1, ஏசாயா 40:3 மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. பழைய கிரேக்கப் பிரதிகள் மொத்தத்தையும் ஏசாயாவின் பெயரில் போடுகின்றன. பழைய திருப்புதலோ "தீர்க்கதரிசன ஆகமங்களில்" என்று பொதுவாக்கிவிடுகிறது. மத்தேயு 27:9இன் முப்பது வெள்ளிக்காசும் இப்படித்தான். பெயர் எரேமியா, சொற்கள் பெரும்பாலும் சகரியா 11:12-13. எரேமியாவில் 19ஆம் அதிகாரத்துக் குயவன் கலசத்தையும் 32ஆம் அதிகாரத்தில் 17 சேக்கலுக்கு வாங்கிய நிலத்தையும் பார்த்துவிட்டு, முரண்பாடு என்றோ முரண்பாடே இல்லை என்றோ பேசுங்கள்.

மூன்றாவது, எபிரெயக் கவிதையின் இரட்டை அடியை இரண்டு செய்தியாக எண்ணுவது. சகரியா 9:9இல் கழுதையும் கழுதைக்குட்டியும் ஒரே விலங்கு. இரண்டாம் அடி முதல் அடியை வேறு சொல்லில் திருப்பிச் சொல்கிறது. மத்தேயு 21இல் மட்டும் விலங்குகள் இரண்டு. மற்ற மூவரிடமும் ஒன்றுதான்.

நான்காவது, யூத வாசிப்பைக் கேளாமலே அது தவறு என்று முடிவு கட்டுவது. ஏசாயா 53இன் தாசன் இஸ்ரவேல் மக்களே என்று இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி எழுதியிருக்கிறார். ஏசாயா 49:3 "நீ என் தாசன், இஸ்ரவேலே" என்று சொல்லும்போது அந்த வாசிப்புக்கு நூலிலேயே இடம் இருக்கிறது. மூன்றாம் பத்தியில் அதையும் எழுதுங்கள்.

பழகுவதற்கு ஒரு வரிசை: மத்தேயு 4:4, மாற்கு 12:29-31, மத்தேயு 2:18 (எரேமியா 31 முழுவதும் படிக்காமல் விடாதீர்கள், ராகேலின் அழுகைக்கு அடுத்த இரண்டு வசனம் நம்பிக்கை), யோவான் 3:14, பிறகு மாற்கு 15ஐ 22ஆம் சங்கீதத்தோடு. மத்தேயு 2:23ஐக் கடைசிக்கு வையுங்கள். "நசரேயன் என்னப்படுவார்" என்ற வரி பழைய ஏற்பாட்டில் எங்குமே இல்லை. ஏசாயா 11:1இன் கிளைக்கு எபிரெயத்தில் "நேட்செர்", நியாயாதிபதிகள் 13:5இன் நசரேயனுக்கு (கடவுளுக்கென்று விரதம் பூண்டவன்) "நாசீர்". இரண்டையும் நோட்டில் எழுதி, எதிரே கேள்விக்குறி போட்டு அப்படியே விட்டுவிடலாம்.